பிப் மறுக்கப்பட்டால்: பிரிட்டனில் அப்பீல் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு

உதவித்தொகையை மறுத்து டிடபிள்யூபியிடமிருந்து (அரசின் வேலை, ஓய்வூதியத் துறை) கடிதம் வந்ததும் பலரும் முதலில் கேட்பது, "அப்பீல் போட்டால் எத்தனை நாளில் முடியும்?" என்றுதான். கடிதத்திலிருந்து தீர்ப்பு வரை ஒரு வருடம் ஆகலாம் என்று வைத்துக்கொண்டு வீட்டுக் கணக்கைப் போடுங்கள். முன்னதாக முடிந்தால் நல்லது. இரண்டு மாதத்தில் முடிந்துவிடும் என்று நம்பிக் கடன் வாங்கியவர்கள்தான் அதிகம் திண்டாடுகிறார்கள்.

இங்கே சொல்லப்போவது இங்கிலாந்து, வேல்ஸ் நடைமுறை. நீண்டகால நோயாலோ மாற்றுத்திறனாலோ அன்றாடச் செயல்களில் சிரமப்படுபவர்களுக்கான உதவித்தொகையான பிப், அதாவது பெர்சனல் இண்டிபெண்டன்ஸ் பேமெண்ட்டை வைத்தே விளக்குகிறேன். ஓய்வூதிய வயதைத் தாண்டியவர்களுக்கான அட்டெண்டன்ஸ் அலவன்ஸுக்கும் பாதை ஏறக்குறைய இதேதான். யுனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானக்காரர்களுக்கான உதவி), ஈஎஸ்ஏ (நோயால் வேலை செய்ய முடியாதவர்களுக்கான உதவி) ஆகியவற்றில் சில வேறுபாடுகள் உண்டு. வரும் இடத்தில் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு எச்சரிக்கை. உங்கள் விசாவில் 'பொது நிதி கிடையாது' என்ற நிபந்தனை இருந்தால் பிப்புக்கு விண்ணப்பிக்கவே கூடாது. அது பின்னால் குடியேற்ற விஷயத்தில் வந்து மோதும். நிபந்தனை இல்லாவிட்டாலும், கடந்த மூன்று ஆண்டுகளில் இரண்டு ஆண்டுகளாவது இங்கே இருந்திருக்க வேண்டும் என்ற விதி பொதுவாக உண்டு. அகதி அந்தஸ்து பெற்றவர்கள் போன்ற சிலருக்கு விலக்கு இருக்கிறது. சந்தேகம் இருந்தால் முதலில் குடியேற்ற ஆலோசகரைப் பாருங்கள்.

வரிசை ஒன்றல்ல, இரண்டு

புதிதாக வருபவர்கள் குழம்பும் இடம் இது. முதல் வரிசை டிடபிள்யூபிக்குள்ளேயே இருக்கிறது. முடிவை எடுத்த துறையே அதை மறுபடி பார்க்கும் கட்டாய மறுபரிசீலனை, 'மேண்டேட்டரி ரீகன்சிடரேஷன்'. இரண்டாவது வரிசை தீர்ப்பாயத்தில். அது நீதித்துறையின் கீழ் வருவது. டிடபிள்யூபிக்கும் அதற்கும் நிர்வாக உறவு கிடையாது. ஒன்றுக்குத் தெரிவித்த முகவரி மாற்றம் மற்றதற்குத் தானாகப் போய்ச் சேராது. வீடு மாறினால் இரண்டு இடத்துக்கும் தனித்தனியாக எழுதுங்கள். பழைய முகவரிக்குப் போன விசாரணைக் கடிதத்தால் வழக்கையே இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

2013க்கு முன் நேராக அப்பீல் போட முடிந்தது. அந்த ஆண்டு பிப் தொடங்கியபோதே மறுபரிசீலனையையும் கட்டாயமாக்கினார்கள். தேவையில்லாமல் தீர்ப்பாயம் வரை போவதைத் தவிர்க்க என்று காரணம் சொல்லப்பட்டது. நடந்ததைப் பார்த்தால், களைத்துப்போய் பாதியிலேயே விட்டுவிடுபவர்கள் கூடியதுதான் பலன் என்று எனக்குத் தோன்றுகிறது. அதே 2013 ஏப்ரலில் இந்த வகை அப்பீல்களுக்கான இலவசச் சட்ட உதவியும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிறுத்தப்பட்டது. படி ஒன்று கூடியது, துணைக்கு வரும் வழக்கறிஞர் குறைந்தார்.

முதல் வரிசையில் டிடபிள்யூபி இத்தனை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் கெடு இல்லை. சில வாரங்களில் வரலாம், மூன்று மாதம் தாண்டியும் இழுக்கலாம். இரண்டாவது வரிசையில், அப்பீல் பதிவாகி முடியும் வரை சமீப ஆண்டுகளில் சராசரியாக ஆறேழு மாதம். சராசரி என்பதால் சிலருக்கு நான்கு, சிலருக்குப் பதினான்கு. ஊரைப் பொறுத்தும் மாறும்.

தேக்கம் ஏன்? பிப் வழக்கைக் கேட்க மூன்று பேர் உட்கார வேண்டும்: ஒரு நீதிபதி, ஒரு மருத்துவர், மாற்றுத்திறன் அனுபவமுள்ள ஓர் உறுப்பினர். மூவரும் ஒரே நாளில் கிடைக்க வேண்டும். மருத்துவர் கிடைப்பது குறிப்பாகக் கடினம். டிடபிள்யூபி பதில் மனுவைத் தாமதமாக அனுப்பும். மொழிபெயர்ப்பாளர் வராமலோ, ஆவணம் ஒன்று இல்லாமலோ ஒத்திவைக்கப்படும் வழக்குகள் திரும்ப வரிசையில் சேரும். இவற்றில் பெரும்பகுதி உங்கள் கையில் இல்லை. கடைசியாகச் சொன்னது மட்டும் ஓரளவு இருக்கிறது. அதை விட்டுவிடக் கூடாது.

ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்கு வேறு கதை. அங்கே பிப்புக்குப் பதிலாக அடல்ட் டிசபிலிட்டி பேமெண்ட். மறுநிர்ணயம் (மறுபரிசீலனைக்கு அங்குள்ள பெயர்) கேட்க 42 நாள். அதிகாரிகளுக்கும் 56 நாள் கெடு உண்டு. தாண்டினால் நீங்கள் நேராக அப்பீலுக்குப் போகலாம். முன்பு கிடைத்த தொகையைக் குறைத்தோ நிறுத்தியோ முடிவு வந்திருந்தால், வழக்கு முடியும் வரை பழைய அளவில் இடைக்கால உதவி கேட்கலாம். தோற்றாலும் பொதுவாகத் திருப்பித் தர வேண்டியதில்லை. தெற்கே இருப்பவர்கள் பொறாமைப்பட நியாயம் இருக்கிறது.

கடிதம் வந்த வாரம்

உறையைத் தூக்கி எறியாதீர்கள். கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து ஒரு மாதம்தான் உங்கள் கெடு. உங்கள் கைக்கு வந்த தேதியிலிருந்து அல்ல. கடிதம் பத்து நாள் தாமதமாக வந்தால் உறையில் உள்ள முத்திரை உதவும்.

அடுத்து டிடபிள்யூபிக்குப் போன் செய்து, உங்களை மதிப்பிட்ட சுகாதாரப் பணியாளர் எழுதிய அறிக்கையின் நகலைக் கேளுங்கள். கேட்டால் அனுப்புவார்கள். அதைப் படிக்காமல் மறுபரிசீலனை எழுதுவது, குற்றச்சாட்டைப் பார்க்காமல் பதில் சொல்வது போல. பெரும்பாலும் முடிவெடுத்தவர் அந்த அறிக்கையைத்தான் அப்படியே எடுத்துக்கொண்டிருப்பார்.

கெடு நெருங்கிவிட்டதா? அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். மறுபரிசீலனை கேட்கிறேன், கூடுதல் ஆதாரம் பின்னால் வரும், அதுவரை முடிவெடுக்க வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டு, அதையே எழுத்திலும் அனுப்புங்கள். கெடு முடிந்தே போயிருந்தால்? முடிவு வந்த தேதியிலிருந்து 13 மாதம் வரை, தாமதத்துக்கான காரணத்தைச் சொல்லிக் கேட்கலாம். மருத்துவமனையில் இருந்தேன், மனநலப் பிரச்சினை, கடிதத்தைப் படித்துச் சொல்ல ஆள் இல்லை: உண்மைக் காரணம் எதுவானாலும் எழுதுங்கள். தாமதம் என்று சொல்லி டிடபிள்யூபி மறுத்தாலும் தீர்ப்பாயத்துக்குப் போகும் உரிமை போய்விடாது என்று 2017இல் மேல் தீர்ப்பாயம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அலுவலகத்தில் போன் எடுப்பவர் "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்றால் அத்தோடு நின்றுவிடாதீர்கள்.

மறுபரிசீலனைக் கடிதத்தில் என்ன எழுதுவது

'எனக்கு அநியாயம் நடந்துவிட்டது' என்று இரண்டு பக்கம் எழுதுவதால் பயன் இல்லை. பிப் முழுக்க முழுக்கப் புள்ளிக் கணக்கு. அன்றாட வாழ்வில் பத்துச் செயல்கள், நடமாட்டத்தில் இரண்டு. ஒரு பகுதியில் 8 புள்ளி வந்தால் சாதாரண விகிதம், 12 வந்தால் உயர் விகிதம். 2025-26இல் வாரத்துக்கு 29.20 பவுண்டிலிருந்து இரண்டு பகுதியும் உயர் விகிதமானால் 187.45 பவுண்டு வரை.

எனவே செயல் செயலாக எழுதுங்கள். சமைப்பது, குளிப்பது, உடுத்துவது, மருந்து எடுப்பது, மற்றவர்களோடு பழகுவது. ஒவ்வொன்றிலும் எத்தனை புள்ளி கொடுத்தார்கள், எத்தனை கொடுத்திருக்க வேண்டும், ஏன். 'ஏன்' என்பதில் நான்கு கேள்விகளை வைத்துக்கொள்ளுங்கள், அவை சட்டத்திலேயே இருப்பவை: அந்தச் செயலைப் பாதுகாப்பாகச் செய்ய முடிகிறதா, ஒழுங்காகச் செய்ய முடிகிறதா, தேவைப்படும் ஒவ்வொரு முறையும் செய்ய முடிகிறதா, நியாயமான நேரத்துக்குள் முடிகிறதா. சாதாரணமாக ஒருவருக்கு ஆகக்கூடிய அதிகபட்ச நேரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் உங்களுக்கு ஆனால் அது நியாயமான நேரம் அல்ல. இந்த நாலில் ஒன்று இல்லையென்றாலும் அந்தச் செயலை நீங்கள் செய்ய முடிவதாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. அறிக்கையில் 'சமைக்கிறார்' என்று இருக்கும். கை நடுங்கிப் போன மாதம் எண்ணெய் கொட்டியதும், அதன்பின் அடுப்படிக்குப் போகவே மகள் விடாததும் இருக்காது. அதை எழுத வேண்டியது நீங்கள்தான்.

நல்ல நாள், கெட்ட நாள் என்று மாறும் நோயென்றால், பாதிக்கு மேற்பட்ட நாட்களில் நிலைமை என்ன என்பதுதான் கணக்கு. மாதத்தில் சுமாராக எத்தனை நாள் அப்படி என்று சொல்லுங்கள். 'சில சமயம்' என்ற சொல் யாருக்கும் உதவாது.

கடிதத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் தேசியக் காப்புறுதி எண்ணை எழுதி, நகல் எடுத்து வைத்துக்கொண்டு, தபால் நிலையத்தில் அனுப்பியதற்கான சான்று கேளுங்கள், அது இலவசம். யுனிவர்சல் கிரெடிட் என்றால் உங்கள் ஆன்லைன் கணக்கில் உள்ள ஜர்னலிலேயே எழுதலாம்.

இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் முடிவு மாறாமலே திரும்பி வரும். மனம் உடைய வேண்டாம். திரும்பி வந்த அந்த அறிவிப்புதான் அடுத்த வாசலுக்கான சீட்டு. பத்திரமாக வையுங்கள்.

தீர்ப்பாயத்துக்கு

மறுபரிசீலனை அறிவிப்பின் தேதியிலிருந்து ஒரு மாதம். ஆன்லைனில் போடலாம், எஸ்எஸ்சிஎஸ்1 என்ற படிவத்திலும் போடலாம். கட்டணம் கிடையாது, தோற்றாலும் டிடபிள்யூபியின் செலவை உங்கள் தலையில் கட்ட மாட்டார்கள். முடிந்தால் ஆன்லைன். வழக்கு எங்கே நிற்கிறது என்பது மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் வந்துகொண்டிருக்கும். பத்து முறை போன் செய்து இசை கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை.

படிவத்தில் சில பெட்டிகளைக் கவனமாக நிரப்பினால் பின்னால் மாதங்கள் மிச்சமாகும்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்ற கேள்வி. அன்றாட ஆங்கிலம் தெரிந்தவர்கள்கூட 'வேண்டும்' என்று போடுவது நல்லது. கடையில் பேசும் ஆங்கிலம் வேறு, மலம் கழிப்பதற்கு உதவி தேவைப்படுவதை மூன்று அந்நியர்கள் முன் சொல்லும் ஆங்கிலம் வேறு. இதற்கும் கட்டணமில்லை. யாழ்ப்பாணத்தவரோ தமிழ்நாட்டவரோ, எந்த வட்டாரத் தமிழ் வசதி என்பதையும் குறிப்பிடலாம். மகனோ மருமகளோ அந்த வேலையைச் செய்ய முடியாது. பொதுவாக அனுமதிக்க மாட்டார்கள். விசாரணை நாளில்தான் மொழிபெயர்ப்பாளர் கேட்டால் ஒத்திவைப்புதான். மறுபடி பல மாதம்.

வர முடியாத தேதிகள். உண்மையிலேயே முடியாத நாட்களை மட்டும் போடுங்கள். ஆகஸ்ட் முழுவதும் ஊருக்குப் போகலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பதெல்லாம் காரணமாகப் போட்டால் வரிசையில் உங்களை நீங்களே பின்னால் தள்ளுகிறீர்கள். டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்றால் மறைக்காமல் போடுங்கள்.

அப்புறம் விசாரணை வகை: நேரில், போனில், வீடியோவில், அல்லது யாரும் வராமல் காகிதங்களை மட்டும் பார்த்து. காகித விசாரணை சீக்கிரம் முடியும் என்று சொல்லி அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். அதில் வெற்றி வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. மூன்று பேர் உங்களைப் பார்த்துக் கேள்வி கேட்கும்போது, அறிக்கையில் இல்லாத மனிதர் தெரிகிறார். விசாரணைக்குப் போய்த் தீர்ப்பான பிப் வழக்குகளில் சமீப ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு விண்ணப்பதாரருக்குச் சாதகமாக முடிந்திருக்கின்றன. இந்த ஒரு விஷயம் தெரிந்தால் காத்திருக்க மனம் வரும்.

ஆனால் ஏற்கெனவே ஒரு பகுதிக்காவது தொகை கிடைத்துக்கொண்டிருந்தால், தீர்ப்பாயம் முழு முடிவையும் திறந்து பார்க்கலாம். இருப்பதையும் குறைக்க அதற்கு அதிகாரம் உண்டு. அப்படித் தோன்றினால் பொதுவாக முன்கூட்டியே எச்சரித்து, வாபஸ் வாங்க நேரம் தருவார்கள். இந்த நிலையில் இருப்பவர்கள் அப்பீல் போடுவதற்கு முன்பே சிட்டிசன்ஸ் அட்வைஸ் (இலவச ஆலோசனை அமைப்பு), உள்ளூர் சட்ட மையம், அல்லது கவுன்சிலின் நலவுரிமைப் பிரிவு ஒன்றில் ஒருமுறை பேசிவிடுங்கள். அங்கேயும் வரிசை உண்டு என்பதால் மறுபரிசீலனைக் கட்டத்திலேயே பெயர் கொடுப்பது உத்தமம்.

தடித்த பண்டில் வந்ததும்

அப்பீல் தன் கைக்கு வந்த 28 நாளுக்குள் டிடபிள்யூபி பதில் அனுப்ப வேண்டும். பண்டில் என்று எல்லோரும் சொல்லும் அந்தக் கட்டில் நூறு பக்கத்துக்கு மேல்கூட இருக்கும்: உங்கள் விண்ணப்பம், மதிப்பீட்டு அறிக்கை, புள்ளி அட்டவணை, சட்டப் பகுதிகள். பயந்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள். சட்டப் பகுதியைத் தாண்டிவிட்டு அறிக்கைக்குப் போங்கள். தவறான வரிகளைப் பக்க எண்ணோடு குறியுங்கள். முன்பு கிடைத்த தொகைக்கான பழைய அறிக்கை உள்ளே இருந்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள். நோய் குணமாகாமல் புள்ளி மட்டும் குறைந்திருந்தால் அது வலுவான வாதம்.

28 நாள் தாண்டியும் பண்டில் வரவில்லையா? இங்கே நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. தீர்ப்பாயத்துக்கு எழுதி, டிடபிள்யூபி பதிலை அனுப்புமாறு உத்தரவிடக் கேளுங்கள். இரண்டு வரி போதும்: வழக்கு எண், கெடு முடிந்த தேதி, உத்தரவு வேண்டும் என்ற கோரிக்கை.

தீர்ப்பாயம் பார்ப்பது எந்த நாளை?

இதைப் புரிந்துகொள்ளாமல் தோற்பவர்கள் அதிகம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். விசாரணை 2026 மார்ச்சில் நடந்தாலும், டிடபிள்யூபி 2025 மேயில் முடிவெடுத்திருந்தால், தீர்ப்பாயம் பார்ப்பது 2025 மே மாத நிலைமையை. இடையில் நோய் முற்றியிருக்கலாம், அறுவைச் சிகிச்சை நடந்திருக்கலாம். அதைக் கணக்கில் எடுக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை.

வரிசை நீள நீள இது உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது. விசாரணையில் "இப்போது எப்படி நடக்கிறீர்கள்?" என்று கேட்பதில்லை; "அந்த மே மாதத்தில் எப்படி நடந்தீர்கள்?" என்றுதான் கேட்பார்கள். பத்து மாதம் முந்தைய வலியை யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஆகவே மறுப்புக் கடிதம் வந்த வாரத்திலேயே உட்கார்ந்து, அன்றைய நிலையை எழுதி வையுங்கள். காலையில் எழுவது முதல் படுப்பது வரை, யார் எதில் உதவினார்கள், எவ்வளவு நேரம் ஆனது, எங்கே விழுந்தீர்கள். கூட இருப்பவரும் தனியாக எழுதிக் கையெழுத்தும் தேதியும் போடட்டும். அதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. தினமும் பார்த்தவரின் சாட்சி.

மருத்துவ ஆதாரத்துக்கும் இதே விதி. ஜிபியிடம் (குடும்ப மருத்துவர்) இன்று வாங்கும் கடிதத்தில், முடிவு தேதியை ஒட்டிய காலத்தில் நிலைமை எப்படி இருந்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வெறும் நோயின் பெயரும் மருந்துப் பட்டியலும் இருக்கும் கடிதத்தால் புள்ளி கிடைக்காது. கடிதத்துக்கு ஜிபி பணம் கேட்கலாம். ஆனால் உங்கள் மருத்துவப் பதிவுகளின் நகல் பொதுவாக இலவசம். என்எச்எஸ் செயலியிலேயே பெரும்பாலானவை தெரியும். பதிவு முழுவதையும் அச்சடித்து அனுப்பி நீதிபதியைப் புதைக்க வேண்டாம். முடிவு தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள பக்கங்கள், சிறப்பு மருத்துவர்களின் கடிதங்கள், அவ்வளவு போதும்.

கிடைத்ததும் அனுப்புங்கள். விசாரணை நாளில் கையில் கொண்டுபோய் நீட்டினால் படிக்க நேரமில்லை என்று ஒத்திவைக்கலாம்.

சரி, இடையில் நிலைமை மோசமானால் என்ன செய்வது? பிப் முழுவதுமாக மறுக்கப்பட்டிருந்தால், அப்பீலை விடாமல் வைத்துக்கொண்டே புதிதாக ஒரு விண்ணப்பமும் போடலாம். புதியது வென்றால் அந்தத் தேதியிலிருந்து பணம் வரும், பழைய அப்பீல் இடைப்பட்ட காலத்தை மட்டும் தீர்மானிக்கும். ஏற்கெனவே குறைந்த விகிதம் வாங்குபவர்கள் மாற்றத்தைத் தெரிவித்தால் முழு மறுமதிப்பீடு வரும் என்பதால் ஆலோசகரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

காத்திருக்கும் மாதங்களில் பணம்

பிப் மறுக்கப்பட்டால் அப்பீல் முடியும் வரை பிப் வராது. குறைக்கப்பட்டால் குறைந்த தொகை வந்துகொண்டிருக்கும். அதை வாங்குவதால் அப்பீல் பலவீனமாகாது, தயங்காமல் வாங்குங்கள். உங்களைப் பார்த்துக்கொள்பவர் கேரர்ஸ் அலவன்ஸ் வாங்கிக்கொண்டிருந்தால், உங்கள் அன்றாட வாழ்வுப் பகுதி நிற்கும்போது அதுவும் நிற்கும். இதைத் தெரிவிக்காமல் வாங்கிக்கொண்டே இருந்தால் பின்னால் திருப்பிக் கேட்பார்கள்.

வேலைக்குத் தகுதி என்று சொல்லி ஈஎஸ்ஏ நிறுத்தப்பட்டிருந்தால் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. அப்பீல் போட்டு, ஜிபியிடம் தொடர்ந்து ஃபிட் நோட் (வேலை செய்ய முடியாத நிலைக்கான சான்று) வாங்கிக் கொடுத்தால் அடிப்படை விகிதத்தில் பணம் கேட்கலாம். இப்படி அப்பீல் காலத்தில் பணம் கிடைக்கக்கூடியவர்களை மறுபரிசீலனைக்காகக் காக்க வைப்பது சட்டவிரோதம் என்று 2020இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அதனால் இந்த வகையில் பலர் முதல் வரிசையில் நிற்காமலே நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

மற்றபடி யுனிவர்சல் கிரெடிட்டுக்குத் தகுதி இருக்கிறதா, கவுன்சில் வரிச் சலுகை கிடைக்குமா, கவுன்சிலின் அவசர உதவித் திட்டம் என்ன என்று பாருங்கள். கோயிலிலும் சர்ச்சிலும் பள்ளிவாசலிலும் உணவு கொடுக்கிறார்கள், ஃபுட் பேங்குக்கு சிட்டிசன்ஸ் அட்வைஸ் சீட்டுத் தரும். நம் ஆட்களுக்கு இதில் வெட்கம் அதிகம். வட்டிக்கு வாங்குவதைவிட இது மேல்.

முன்னால் நகர வழி உண்டா?

உண்டு, எல்லோருக்கும் அல்ல. உயிருக்கு ஆபத்தான நோய், வீட்டை விட்டு வெளியேற்றும் நிலை, கடுமையான வறுமை போன்றவை இருந்தால் வழக்கை முன்கூட்டி எடுக்கும்படி தீர்ப்பாயத்துக்கு எழுதலாம். கோரிக்கையோடு ஆதாரமும் வேண்டும்: வெளியேற்ற நோட்டீஸ், வங்கிக் கணக்கு, மருத்துவமனைக் கடிதம். நீதிபதி ஒருவர் பார்த்து முடிவு செய்வார். எல்லோரும் கஷ்டத்தில்தான் இருக்கிறார்கள் என்பதால் 'கஷ்டம்' என்று மட்டும் எழுதினால் போதாது.

எம்பியிடம் போவது டிடபிள்யூபி பக்கத் தாமதத்துக்கு, அதாவது மறுபரிசீலனை மாதக்கணக்கில் கிடக்கும்போது, நன்றாக வேலை செய்யும். நீங்கள் வாக்களித்தீர்களா என்று கேட்க மாட்டார்கள்; அந்தத் தொகுதியில் வசித்தால் போதும். ஆனால் தீர்ப்பாயத்தின் தீர்ப்பில் எம்பி தலையிட முடியாது, கேட்கவும் வேண்டாம்.

டிடபிள்யூபியிடமிருந்து போன் வந்தால்

விசாரணைக்கு முன்பே டிடபிள்யூபி அழைத்து, 'முடிவை மாற்றுகிறோம், இந்த அளவு தருகிறோம்' என்று சொல்வதுண்டு. களைத்துப்போன நேரத்தில் வரும் அழைப்பு. கேட்டதெல்லாம் கிடைக்கிறது என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள், அத்தோடு முடிந்தது. குறைவாகத் தருகிறார்கள் என்றால் உடனே பதில் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. "யோசித்துச் சொல்கிறேன், எழுத்தில் அனுப்புங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டு ஆலோசகரிடம் பேசுங்கள். மறுத்துவிட்டு விசாரணைக்கே போகலாம். முடிவு மாற்றப்பட்டால் பழைய அப்பீல் அங்கேயே காலாவதியாகும். புதிய முடிவின் மேல் மறுபடி அப்பீல் போடும் உரிமை இருக்கிறது என்றாலும், வரிசையின் கடைசியிலிருந்து தொடங்க வேண்டும்.

விசாரணை நாள்

பொதுவாகக் குறைந்தது 14 நாள் முன்னால் தேதி தெரிவிப்பார்கள். சினிமாவில் பார்க்கும் கோர்ட் அல்ல; ஒரு மேசை, எதிரே மூவர், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். டிடபிள்யூபி ஆள் வராமலே இருக்கலாம். போக்குவரத்துச் செலவைத் திரும்பக் கேட்கலாம், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்களுக்கு ஒரு பழக்கம். டாக்டர் கேட்டால் "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்போம். பெரியவர்கள் முன் குறை சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர்கள். அங்கே இந்த மரியாதையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். "கடைக்குப் போவீர்களா?" என்று கேட்டால் "போவேன்" என்று நிறுத்தாதீர்கள். எத்தனை தப்படியில் நிற்க வேண்டியிருந்தது, யார் கூட வந்தார்கள், வந்து எவ்வளவு நேரம் படுத்திருந்தீர்கள் என்பது வரை சொல்லுங்கள். 20 மீட்டரா 50 மீட்டரா என்பதில் புள்ளியே மாறுகிறது. வீட்டு வாசலிலிருந்து எந்தத் தெருவிளக்கு வரை என்று முன்பே அளந்து வைத்துக்கொண்டால் பதில் தடுமாறாது. அதற்காக மிகைப்படுத்தவும் வேண்டாம். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் மருத்துவர்.

வர முடியாமல் போனால் முன்பே தெரிவியுங்கள். தெரிவிக்காமல் இருந்தால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு வரலாம். நியாயமான காரணம் இருந்து போக முடியாமல் போயிருந்தால், தீர்ப்பை ரத்து செய்யும்படி ஒரு மாதத்துக்குள் கேட்கலாம்.

தீர்ப்புக்குப் பின்

சில சமயம் அன்றே சொல்வார்கள், இல்லாவிட்டால் சில நாளில் கடிதம். வென்றாலும் மறுநாளே கணக்கில் பணம் விழாது. மேலே அப்பீல் போடலாமா என்று டிடபிள்யூபியும் யோசிக்கும். நிலுவை வந்துசேரச் சில வாரங்கள் ஆகும். இரண்டு மாதமாகியும் வராவிட்டால் போன் செய்யுங்கள், அதற்கும் அசையாவிட்டால் எம்பி.

தோற்றால், தீர்ப்புக்கான காரணங்களை எழுத்தில் தரும்படி ஒரு மாதத்துக்குள் கேளுங்கள். மேல் தீர்ப்பாயத்துக்குச் சட்டத் தவறு இருந்தால் மட்டுமே போக முடியும். 'என்னை நம்பவில்லை' என்பது மட்டும் போதாது. அந்தக் கட்டத்தில் இலவசச் சட்ட உதவி கிடைக்க வாய்ப்பு இருக்கிறது என்பதால் காரணங்கள் கைக்கு வந்ததும் சட்ட மையத்துக்கு எடுத்துப் போங்கள்.

வென்றவர்கள் ஒன்றைத் தவற விடுகிறார்கள். பிப்பின் அன்றாட வாழ்வுப் பகுதி கிடைத்தால், வாரத்துக்கு 35 மணி நேரமாவது உங்களைக் கவனிப்பவர், மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், கேரர்ஸ் அலவன்ஸ் கேட்கலாம். பிப் தீர்ப்பு வந்த மூன்று மாதத்துக்குள் அவர் விண்ணப்பித்தால், உங்கள் பிப் தொடங்கிய நாள் வரை பின்னோக்கிப் பணம் வரும். மூன்று மாதம் தாண்டிவிட்டால் அந்த நிலுவையின் பெரும்பகுதி போய்விடும். யுனிவர்சல் கிரெடிட் வாங்குபவராக இருந்தால் பிப் கிடைத்த செய்தியை ஜர்னலிலும் அன்றே எழுதுங்கள்.